பசும்புல்லிடையே பட்டினி

கண்ணுக்கெட்டிய தூரம் பசும்புல். அதன் நடுவே எலும்பும் தோலுமாய்த் தள்ளாடும் ஆடுகள். இப்படியும் ஒரு காட்சி உண்டா என்பீர்கள். நியூசிலாந்தின் வட தீவில் எரிமலைச் சாம்பல் படிந்த நிலங்களிலும், ஆஸ்திரேலியாவின் தென்கரையோரப் புல்வெளிகளிலும் உழவர்கள் பல்லாண்டுக்காலம் கண்டு கலங்கிய காட்சி இதுதான். கால்நடைகள் தீனியை வெறுத்தன, இளைத்தன, சோகை பிடித்து மடிந்தன. வேற்று நிலத்துக்கு ஓட்டிச் சென்றாலோ, பிழைத்துக்கொண்டன. எனவே குற்றம் மண்ணில் இருப்பதாகக் கருதினர்.

சோகைக்கு இரும்பு நல்ல மருந்தன்றோ? லிமோனைட் என்னும் இரும்புத் தாதுவைப் பொடித்துக் கொடுத்தார்கள், ஆடுமாடுகள் தேறின. இரும்புக் குறையே நோய் என்று பலரும் நம்பினர். ஆனால், ஓரிடத்துத் தாது நோயைத் தீர்த்தது. மற்றோரிடத்துத் தாது அவ்வளவாகப் பயன்படவில்லை. நோயுற்ற விலங்குகளின் ஈரலிலோ இரும்பு குறையவில்லை, மிகுதியாகவே தேங்கியிருந்தது!

மேற்கு ஆஸ்திரேலியாவில் அண்டர்வுட், ஃபில்மர் என்னும் இருவர் இந்த முரண்பாட்டை விடாது பற்றினர். தாதுவிலிருந்து இரும்பை நீக்கி, எஞ்சியதைக் கொடுத்தனர். அப்போதும் நோய் தீர்ந்தது. எஞ்சியதை மேலும் பகுத்து ஆராய்ந்து, 1935ஆம் ஆண்டில் உண்மையான மருந்து கோபால்ட் என்று கண்டனர். அதே காலத்தில் தென் ஆஸ்திரேலியாவில் மார்ஸ்டனும் லைன்சும் தனியே ஆராய்ந்து அம்முடிவையே எய்தினர். ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குதான்!

இத்துணைச் சிறிய அளவு என்ன செய்யும்? 1948ஆம் ஆண்டில் பி12 என்னும் உயிர்ச்சத்தைப் பிரித்தெடுத்தபோது விடை புலப்பட்டது. அதன் நடுவே இருந்தது கோபால்ட் அணு. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் கோபால்ட்டைக் கொண்டு பி12ஐ ஆக்குகின்றன. அங்கே புல் நொதித்து உண்டாகும் புரோப்பியோனிக் அமிலத்தை உடல் பயன்படுத்திக்கொள்ள அந்த உயிர்ச்சத்து வேண்டும். அது குறைந்தால் பசி மங்கும்; புல்லிருந்தும் விலங்கு பட்டினி கிடக்கும்.

பின்னர் உழவர்கள் உரத்தோடு சிறிது கோபால்ட் உப்பைக் கலந்து தூவினர், மந்தைகள் செழித்தன.

நண்பர்களே, இரும்புத் தாது நோயைத் தீர்த்தது உண்மை. தீர்த்தது இரும்பு என்று எண்ணியது பிழை. பலன் கண்டதாலேயே காரணமும் விளங்கிவிட்டதென்று நின்றுவிடலாகாது. அன்று இருவர் அவ்வாறு நின்றுவிடவில்லை. அதனால் மந்தைகள் பிழைத்தன.