கல்வி பெற்றோரும் ஆட்சிப் பொறுப்பும்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கல்விக் கழகம் தொடங்கப்பெற்றபோது வகுத்த விதிகளுள், இக்கழகம் எக்கட்சியையும் சாராது என்பது ஒன்று. நல்ல விதி; இனியும் அது இருத்தல் வேண்டும். ஆயினும் நாளடைவில் அதற்கு வேறொரு பொருள் ஏற்பட்டுவிட்டது. ‘நமக்கு எதற்கு அரசியல், பிள்ளைகள் படித்து வேலைக்குப் போகட்டும்’ என்போர் அவ்விதியைத் துணைக்கு அழைக்கின்றனர். கட்சி வேறு, ஆட்சி வேறு. கட்சியிலிருந்து விலகி நிற்கலாம். ஆட்சியிலிருந்து விலகி நிற்க நம்மைப் போன்ற மக்களால் இயலாது. நாம் பெற்ற கல்வி, படிக்குப் படி, எவரேனும் ஒருவர் மன்றத்திலே எழுந்து நின்று கேட்டதனால் வந்த கல்வி. கேட்பார் இல்லையானால் அது வந்த வழியே திரும்பிப் போகவும் கூடும்.

1892ஆம் ஆண்டு சென்னை மகாசன சபைக் கூட்டத்திற்கு நீலகிரியிலிருந்து பண்டித அயோத்திதாசர் வந்தார். கோயில் நுழைவைப் பற்றி அவர் கேட்டபோது அவையில் கூச்சலும் மறுப்பும் எழுந்தன. அவர் அதனோடு நின்றுவிடவில்லை. நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வி வேண்டும், கிராமங்களில் தரிசாய்க் கிடக்கும் நிலம் வேண்டும் என்று கேட்டார். அவ்விரண்டும் தீர்மானமாயின. கடவுளைக் கொடுக்க மறுத்தவர்கள் எழுத்தைக் கொடுக்க இசைந்தார்கள். எழுத்தின் வலிமையை அவர்கள் அன்று அறிந்திருந்தார்களா என்பது ஐயமே! இரண்டாண்டு கழித்து, 1894இல், கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் நந்தனார் பள்ளியை நிறுவினார். சென்னையில் எல்.சி. குருசாமி அருந்ததியர் மக்களுக்காக இரவுப் பள்ளிகள் நடத்தினார். சகசானந்தரும் குருசாமியும் சட்டமன்றத்திலும் அமர்ந்தார்கள் என்பதை இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும். இராவ் பகதூர் எம்.சி. ராஜாவோ தொழிலால் ஆசிரியர். பள்ளிப் பாடநூல்கள் எழுதியவர். சட்டமன்றத்தில் நம் மக்களின் பேராளர். பள்ளி நடத்துவது ஒரு பணி, மன்றத்தில் பேசுவது வேறொரு பணி என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

1924இல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பள்ளியைப் பற்றியதன்று. பொதுத் தெருவில் நடக்கவும், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும், அரசு அலுவலகத்திற்குள் செல்லவும் எவரையும் தடுக்கலாகாது என்பது அத்தீர்மானம். அதற்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். பள்ளிக்கூடம் ஊர்த்தெருவில் இருந்தது. தெருவில் நடக்க உரிமை இல்லாத குழந்தைக்குப் பள்ளியில் சேர உரிமை இருந்து என்ன பயன்? அத்தெரு திறந்த கதையை நம் பாடநூல்கள் போதிய அளவு சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாமே.

டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல், பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கு நம் மாணவர்க்கு மைய அரசின் உதவித்தொகை தொடங்கிற்று. இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பட்டதாரிகளுள் பலரும் அத்தொகையால் படித்தவர்களே. அது இன்று எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? பல ஆண்டுகள் அதன் செலவில் பெரும்பகுதி மாநிலங்களின் தலையிலேயே விழுந்தது. ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று முடியும்போது எவ்வளவு செலவாகிக் கொண்டிருந்ததோ அவ்வளவையும் மாநிலமே ஏற்க வேண்டும், அதற்கு மேற்பட்டதை மட்டுமே மைய அரசு தரும் என்னும் கணக்கே அதற்குக் காரணம். 2020 டிசம்பரில்தான் நூற்றுக்கு அறுபது மைய அரசு, நாற்பது மாநில அரசு என்ற பங்கீடு முடிவாயிற்று. இந்தப் பின்னத்தில் ஒரு புள்ளி மாறினால், எங்கோ ஒரு கல்லூரியில் ஒரு பெண் ‘கட்டணம் வரவில்லை, தேர்வு நுழைவுச் சீட்டு இல்லை’ என்று வாசலில் நிறுத்தப்படுவாள். அவளுக்கு அது தன் தலைவிதி எனத் தோன்றும். அது விதியன்று, கணக்கு.

அப்பங்கீட்டை மாற்றியபோதும் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய் என்ற வரம்பை உயர்த்தவில்லை. இதை நாம் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். கணவன் கொத்து வேலை, மனைவி சிற்றாள் வேலை. ஆளுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய், ஆண்டுக்கு 250 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் இருவருமாக ஈட்டுவது சரியாக இரண்டரை இலட்சம். இன்னும் ஒரு நாள் கூடுதலாக உழைத்தால் பிள்ளையின் உதவித்தொகைக்கு ஆபத்து! வருமானச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் நம்மவர் ஏன் குன்றிப்போய் நிற்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். வரம்பை வகுத்தவர்க்கு இக்கணக்கை எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? தனித் தொகுதிகளில் வென்று போனவர்கள் என்று உடனே விடை வரும். அது சரியான விடை, ஆனால் பாதி விடை.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களுள் 44 நமக்கென ஒதுக்கப்பட்டவை. 1932இல் பூனா ஒப்பந்தத்தால் தனி வாக்காளர் தொகுதி கைநழுவி, கூட்டுத் தொகுதியில் ஒதுக்கீடு என்றான பிறகு, தனித் தொகுதி உறுப்பினரைத் தேர்ந்தெடுப்போர் அத்தொகுதியின் எல்லா மக்களும் ஆவர். அவருக்கு இடம் தருவதோ அவர் கட்சி. இவ்விருவரையும் மனம்கோணாமல் வைத்துக்கொள்ள வேண்டிய நிலையில் உள்ளவரிடம், நமக்காக மட்டும் பேசு என்றால் அவர் எவ்வாறு பேசுவார்? அவரை ஏசுவது எளிது. அவர் கையில் ஆதாரத்தைக் கொடுத்து, பேசாதிருக்க முடியாதபடி செய்வதே கடினம். அக்கடினமான பணி படித்தவர்க்குரியது.

ஊராட்சியில் இந்நிலை இன்னும் தெளிவாகத் தெரியும். மதுரை மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி நமக்கென ஒதுக்கப்பட்டதனாலேயே, 1996 முதல் 2006வரை முறையான தேர்தல் நடவாமல் போயிற்று. மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடன் சென்றோரும் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஒரு நாற்காலிக்கு இவ்வளவு பகை ஏன்? அந்நாற்காலியில் அமர்ந்தவர் குடிநீர்க் குழாய் எத்தெருவுக்குப் போகும் என்பதை முடிவு செய்வார், அதுவே காரணம்.

இன்று தேர்தல் நடக்கிறது. ஆயினும் நாற்காலி கிடைத்தவுடன் அதிகாரம் கிடைத்துவிடவில்லை. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்பது நம் மாநிலத்தில் நெடுங்காலமாக உள்ள முறை. தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கும் துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. நம் தலைவி சேரிக்குச் சாலை போடத் தீர்மானம் எழுதுவார். ஊர்ப்பெரிய மனிதரின் ஆளாகிய துணைத் தலைவர் கையொப்பமிட மறுப்பார். தலைவிக்கோ எழுத்துப் பழக்கம் குறைவு. தீர்மானப் புத்தகம் ஊராட்சிச் செயலரின் பையில் இருக்கும். தேசியக்கொடி ஏற்றவும் விடாமல் தடுக்கப்பட்ட தலைவர்களைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. நாமும் வருந்துகிறோம். அத்தலைவியின் தெருவில் முதுகலைப் பட்டம் பெற்ற பிள்ளைகள் நால்வராவது இருப்பார்கள். அவருள் ஒருவர் அருகில் அமர்ந்து, விதி இன்னது, கையொப்பம் மறுக்கப்பட்டதை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தால் தெரிவிக்க வேண்டிய முறை இன்னது என்று சொன்னால் நிலைமை வேறாகும். அப்பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊர் வருகிறார்கள். பொங்கல் முடிந்து பதினோராம் நாள் சனவரி 26, கிராம சபை நாள், அதற்குள் புறப்பட்டுவிடுகிறார்கள்!

இவ்விடத்தில் நம் மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1956இல் ஆக்ராவில் பேசிய டாக்டர் அம்பேத்கர், படித்தவர்கள் தம்மைக் கைவிட்டதாக வருந்தினார் என்பதே அது. இதைச் சொல்லிச் சொல்லிப் படித்தவர்மீது பழிபோடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நம் இளைஞனின் சம்பளத்தில் நான்கு வீட்டில் உலை கொதிக்கிறது. தங்கையின் திருமணம், தகப்பனின் மருந்து, அண்ணன் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், எல்லாம் அதிலிருந்துதான். அவனைத் துரோகி என்பது நியாயமன்று. அவனிடம் பணத்தைக் கேட்பதைவிட ஆண்டில் ஆறு நாளைக் கேட்பது மேல். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை கூடும் நாள்கள் ஆறு. ஆறும் முடியாவிடில் இரண்டு.

தமிழ்நாடு வளர்ந்த மாநிலம் என்கிறார்கள், பொய்யன்று. 2021–22 கணக்கின்படி உயர்கல்வியில் இந்தியாவின் சேர்க்கை விகிதம் நூற்றுக்கு 28 என்றால் தமிழ்நாட்டில் 47. இதே மாநிலத்தில்தான், 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருக்கக் கண்டார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்கு படித்த ஒரு மாணவன் உடன்படித்தோராலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிநாயகம் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டலாகாது என்பதும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று. பள்ளிகள் பெருகின, அவற்றுக்குள் சாதியும் சீருடை அணிந்து உட்கார்ந்துகொண்டது. தொழிற்சாலையும் நாற்கரச் சாலையும் தாமாகவே சாதியைக் கரைத்துவிடும் என்று நம்பியிருப்போர் அவ்வறிக்கையை ஒருமுறை படித்தல் நலம்.

பள்ளிக்குள்ளும் நமக்கு ஓரிடம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். நம் தாய்மார்கள் அக்குழுவில் பெயருக்கு அமராமல், கழிவறையை யார் கழுவுகிறார்கள், சத்துணவுப் பந்தி எவ்வாறு அமர்கிறது என்று கேட்டாலே போதும், பல தலைமையாசிரியர்கள் விழித்துக்கொள்வார்கள்.

நமக்குள்ளேயும் பேச வேண்டியது உண்டு. 2009இல் அருந்ததியர்க்கு நூற்றுக்கு மூன்று உள்ஒதுக்கீடு சட்டமாயிற்று. உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டு முதல் நாள் தீர்ப்பளித்தது. இதனால் நமக்கு இடம் குறைந்தது என்று முணுமுணுப்போர் நம் கூட்டங்களிலும் இருக்கிறார்கள். துப்புரவுத் தொழிலாளியின் மகள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது நமக்கு நட்டமாகத் தோன்றினால், நம்மைத் தள்ளி வைத்தவனின் தராசையே நாமும் கையில் பிடித்திருக்கிறோம் என்று பொருள். இக்கழகத்தின் உதவித்தொகை உட்சாதி பாராமல் வழங்கப்பட வேண்டும் என்று இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

இனி இளைஞர்களுக்கு ஒரு வேலை. 1979–80இல் தொடங்கிய சிறப்புக் கூறுத் திட்டத்தின்படி, நம் மக்கள்தொகை விகிதத்திற்கு ஏற்ப வளர்ச்சி நிதியை ஒதுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்தில் நாம் நூற்றுக்கு இருபது பேர். 2024இல் இதற்கென மாநிலத்தில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஒதுக்கிய தொகையைப் பொதுச் சாலைக்கும் பாலத்துக்கும் எழுதிவிட்டு, அதில் நம்மவரும் நடப்பதனால் நமக்குச் செலவிட்டதாகக் காட்டும் கணக்கு எங்கும் நுழையக்கூடியது. ஆதிதிராவிடர் நலத்துறையின் மானியக் கோரிக்கை எண் 4. அதன் கொள்கை விளக்கக் குறிப்பு சட்டமன்றத்தில் வைக்கப்படும்போது அச்சிலும் இணையத்திலும் எவருக்கும் கிடைக்கும், தமிழில்தான் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நலப் பள்ளிகள், விடுதிகள், உதவித்தொகை பற்றிய தொகைகள் அதில் உள்ளன.

கழகப் படிப்பகத்தில் ஐந்து இளைஞர்கள் அமர்ந்து அதைப் படியுங்கள். பொருளியல் படித்தவர் ஒருவர், சட்டம் படிப்பவர் ஒருவர், மற்ற மூவருள் இருவரேனும் பெண்கள். நம் வட்டத்தின் விடுதிகளுக்குச் சென்று, எத்தனை மாணவர், எத்தனை கட்டில், எத்தனை கழிவறை என்று எண்ணி வாருங்கள். குறிப்பில் கண்டதையும் நேரில் கண்டதையும் எதிரெதிரே எழுதி, ஒரே தாளில் அடக்கி, சட்டமன்ற உறுப்பினர் எக்கட்சியினராயினும் அவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். கழக விதி இதற்குக் குறுக்கே நிற்காது. படிப்பகத்தின் சாவி செயலாளரிடம் இருக்கிறது. ஞாயிறுதோறும் காலை அதைத் திறந்து வைக்க அவர் இசைந்திருக்கிறார்.