கேஜன் நாட்டில் நான்கு நாட்கள்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்கா போய் வந்தவர்கள் பலர் இங்கே பேசியாயிற்று. நயாகராவும் பிட்ஸ்பர்க் பெருமாளும் உங்களுக்குப் பழகிவிட்டன. நான் லூசியானா மாநிலத்தில் ஆபெவில் என்ற சிற்றூரைப் பற்றிச் சொல்கிறேன்.

2023 மார்ச்சில் ஹூஸ்டனிலிருந்து மகனும் மாட்டுப்பெண்ணும் எங்களை ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியில் அழைத்துப் போனார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே வைத்த பஸ் அது. இவை தங்குவதற்கென்றே மைதானங்கள் உண்டு. வாடகை கொடுத்தால் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு.

நாங்கள் தங்கியது சிறிய இடம். மாலை ஐந்து மணிக்கு ஒவ்வொருவரும் ஒரு நாற்காலியும் ஒரு பதார்த்தமுமாகக் கொட்டகைக்கு வந்துவிடுவார்கள். பேரும் ஊரும் கேட்பார்கள். என்ன உத்தியோகம் பார்த்தீர்கள் என்று கேட்பதில்லை. ரிடையரான ஆபீசருக்கு இது சற்று ஏமாற்றம்தான்!

அங்கே உள்ளவர்கள் கேஜன்கள். இவர்களுடைய முன்னோர், இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் அகேடியா என்ற பகுதியில் குடியிருந்த பிரெஞ்சுக்காரர்கள். 1755 முதல் ஆங்கிலேயர் அவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றித் துரத்தினார்கள். அலைந்து திரிந்தவர்களில் ஒரு பகுதியினர் 1760களில் இந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அகேடியன் என்ற சொல்தான் மருவிக் கேஜன் ஆயிற்று.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்களுக்குக் கஷ்டம். எங்கும் கிராஃபிஷ், அதாவது இறாலுக்கு உறவான நன்னீர் ஜந்து. ஆனால் அதை வளர்க்கும் முறை, விஞ்ஞானம் படித்த எனக்குப் பிடித்திருந்தது. நெல் அறுத்த வயலிலேயே வளர்க்கிறார்கள். கோடையில் வயலை வற்ற விட்டால் அது வளை தோண்டிப் பதுங்கும். இலையுதிர் காலத்தில் தண்ணீர் பாய்ச்சினால் குஞ்சுகளோடு வெளியே வரும். கம்போ என்ற அவர்களுடைய பிரசித்தமான குழம்பின் பெயர், வெண்டைக்காய்க்கான ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு அம்மாள் எங்களுக்கென்று மாமிசம் சேர்க்காமல் வெண்டைக்காயும் தக்காளியும் வதக்கிச் சாதத்தோடு கொண்டு வந்தார். என் மனைவி இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாம் நாள் கிழக்கே ஷோவின் என்ற ஊருக்குப் போனோம். கென்னி ஹில் என்ற கொத்தனார் 1990 முதல் பத்து வருஷம், ஒரு கால்வாய்க் கரையில், சிமென்டில் நூறுக்கு மேற்பட்ட சிற்பங்கள் செய்தார். தேவதைகள், சிப்பாய்கள், நடுவில் அவருடைய உருவமே பலமுறை. சுமார் 7,000 செங்கல்லில் 45 அடி உயரக் கலங்கரை விளக்கமும் உண்டு. விற்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. 2000-ல் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு அறக்கட்டளை அவற்றைச் சீர் செய்து நிக்கல்ஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது.

கடைசி நாள் மாலை பாட்டு. அக்கார்டியன், ஃபிடில், ஒரு இரும்பு முக்கோணம். முக்கோணத்தைப் பழைய வைக்கோல் வாரியின் பற்களை வளைத்துச் செய்வார்களாம். என்பது வயதுப் பெரியவர் ஒருவர் பிரெஞ்சில் உருக்கமாகப் பாடினார். அர்த்தம் கேட்டேன். "பாதிதான் தெரியும்" என்றார்!

காரணம் இதுதான். 1921-ல் மாநில அரசியல் சட்டம், பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே என்றது. பிரெஞ்சில் பேசிய குழந்தைகளுக்குத் தண்டனை. அடி வாங்கி வளர்ந்த பெற்றோர் தங்கள் குழந்தைகளுக்கு அந்தப் பாஷையைச் சொல்லித் தரவில்லை. "எங்களுக்குத் தெரியக் கூடாத விஷயம் என்றால் மட்டும் அம்மாவும் அப்பாவும் பிரெஞ்சில் பேசுவார்கள்" என்றார் பெரியவர். (நம் சங்கத்திலும் பல ஊர்களில் தமிழ் இந்த ஒரு காரியத்துக்குத்தான் பயன்படுகிறது. பெயர்கள் வேண்டாம்.)

1968-ல் மாநில அரசே பிரெஞ்சை மீட்க ஒரு குழு அமைத்தது. வெளிநாட்டு ஆசிரியர்களை வரவழைத்தார்கள். பெரியவரின் பேத்தி அப்படிப்பட்ட பள்ளியில் படிக்கிறாள். எங்கள் வண்டியைக் காட்டி, "இதற்கு என்ன சொல்லுவாய்?" என்று கேட்டேன்.

"வுவாத்யூர்" என்றாள்.

"எங்கப்பா 'ஷார்' என்பார்" என்றார் தாத்தா.

"ஸ்கூலில் அப்படிச் சொல்ல மாட்டோம்" என்றாள் குழந்தை.

அவர் சிரித்துவிட்டு அடுத்த பாட்டை ஆரம்பித்தார்.