ஆளில்லாத நிலத்தில் பெய்யும் மழை



யாருடைய நினைவாக நாம் இன்று கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர், பள்ளியில் தாவரவியலும் ஓய்வுநாள் பள்ளியில் வேதபாடமும் நடத்தியவர் என்று அவருடைய குடும்பத்தார் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. ‘அன்றாட இயற்கையில் இறைவன்’ என்றதும் பலருக்கு ரோஜாப்பூவும் சூரிய உதயமும் அச்சிட்ட கிறிஸ்தவ நாள்காட்டிதான் நினைவுக்கு வரும். அந்த நாள்காட்டிகளில் அதிகம் இடம்பெறாத சில பகுதிகளை இன்று புரட்டலாம் என்றிருக்கிறேன்.

1. யோபுவுக்குக் காட்டியவை

யோபு பெரும் பண்ணைக்காரர். 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள் என்று முதல் அதிகாரமே கணக்குச் சொல்லிவிடுகிறது. அத்தனையும் போய், பிள்ளைகளையும் பறிகொடுத்து, உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்து, ‘எனக்கு ஏன் இப்படி?’ என்று கேட்கிறார். 38-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் வாய் திறக்கிறார். காரணம் எதுவும் சொல்லவில்லை. கேள்விமேல் கேள்வியாகக் கேட்டபடி உலகத்தைச் சுற்றிக் காட்டுகிறார்.

எதைக் காட்டுகிறார் என்பதுதான் வியப்பு. சிங்கம், காக்கை, வரையாடு, காட்டுக்கழுதை, காட்டெருது, தீக்கோழி, குதிரை, பருந்து, கழுகு. இவற்றில் போர்க்குதிரை ஒன்றைத் தவிர எதுவும் மனிதனுக்கு உழைப்பதில்லை. யோபுவிடம் 500 கழுதைகள் இருந்தன. காட்டப்படுவதோ ஊர்ச் சந்தடியைக் கேட்டுச் சிரிக்கும் காட்டுக்கழுதை. 500 ஏர் மாடு பூட்டியவருக்கு, எந்தத் தொழுவத்திலும் கட்டுப்படாத காட்டெருதைக் காட்டுகிறார். வரையாடு எப்போது ஈனும் என்று தெரியுமா என்று கேட்கிறார். சாக்கடலோரம் எங்கேதியின் செங்குத்துப் பாறைகளில் காட்டாடுகள் இன்றும் ஏறித் திரிகின்றன. அவற்றின் பேறுகாலத்தை எந்த மேய்ப்பனும் கணக்கு வைப்பதில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பாக இன்னொரு கேள்வி வருகிறது: மனிதன் குடியிராத வனாந்தரத்தில் மழையைப் பெய்யப்பண்ணி, அங்கே புல்லை முளைப்பிக்கிறவர் யார்? விவசாயிக்கு மழை என்றால் விளைச்சல். ஒரு மணி தானியமும் தராத இடத்தில் பெய்யும் மழையை வீண் என்றுதான் சொல்வான். அந்த வீண் மழையும் என்னுடையதுதான் என்கிறார் கர்த்தர்.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். இயற்கை நமக்காகவே அமைந்தது என்ற எண்ணத்தை விட்டு விலகினால்தான் அதில் இறைவனின் கை நம் கண்ணுக்குப் படும்.

2. கொசுறுக் குருவி

இயேசு நாதர் பேசியதும் இந்தத் தடத்தில்தான். மத்தேயு எழுதியபடி, சந்தையில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது குருவி கொசுறு. கறிவேப்பிலைபோல, காசில்லாமல் பையில் விழுந்த உயிர் அது. மாட்டிறைச்சிக்கும் ஆட்டிறைச்சிக்கும் வழியில்லாத ஏழைகளின் உணவு அந்தச் சிறு பறவைகள். சந்தையில் விலையே இல்லாத அந்த ஐந்தாவதையும் கடவுள் மறப்பதில்லை என்கிறார் இயேசு. நீங்கள் அவற்றைவிட விசேஷித்தவர்கள் என்ற ஆறுதல் அதற்குப் பிறகே வருகிறது. நாம் பிரசங்கங்களில் ஆறுதலை எடுத்துக்கொண்டு குருவியை விட்டுவிடுகிறோம்.

காக்கையின் கதையும் அப்படித்தான். லேவியராகமம் 11-ஆம் அதிகாரம் அதை அசுத்தமான பறவைகளோடு சேர்த்திருக்கிறது. ஆனால் கேரீத் ஆற்றோரம் தீர்க்கதரிசி எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தது காக்கைதான். காக்கைகளைக் கவனியுங்கள் என்று இயேசு சொன்னதும் அந்தப் பறவையைத்தான். வீட்டு மொட்டைமாடியில் காக்கைக்குச் சோறு வைக்கும் நம் ஊர்க்காரருக்கு இது எளிதில் விளங்கும்.

3. நாளை அடுப்புக்குப் போகும் பூ

இயேசு காட்டிய பூவைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த நாட்டு மழையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எகிப்தில் நைல் நதி பாய்ச்சும். கானான் தேசமோ வானம் பார்த்த பூமி. உபாகமம் 11-ஆம் அதிகாரம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்கிறது. முன்மாரி அக்டோபர், நவம்பரில் தொடங்கும். நமக்கு வடகிழக்குப் பருவமழை வரும் அதே காலம். பின்மாரி மார்ச், ஏப்ரலில். அதன்பிறகு இலையுதிர் காலம் வரை வானம் கைவிரித்துவிடும்.

மழை முடியும் தறுவாயில் கலிலேயாவின் மேடுகளில் சிவப்பு அனிமோன் பூத்துக் கிடக்கும். காட்டுப் புஷ்பம் என்று இயேசு சுட்டியது இதுவாக இருக்கலாம் என்பது பலருடைய கருத்து. மேல்காற்றுக்குப் பதில் பாலைவனத்துக் கீழ்காற்று திரும்பினால் போதும், சில நாளில் பூவும் புல்லும் சருகாகிவிடும். விறகுக்குப் பஞ்சமான அந்த ஊரில் பெண்கள் அந்தச் சருகை வாரிக்கொண்டுபோய் மண் அடுப்பில் போட்டு அப்பம் சுடுவார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எத்தனையோ பேர் அன்று காலையில்தான் அந்த அடுப்பை மூட்டியிருப்பார்கள்.

சாலொமோனின் உடையைவிடப் பூவின் உடை உயர்ந்தது என்பதோடு இயேசு நிறுத்தியிருக்கலாம். அது நாளைக்கு அடுப்புக்குப் போகும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஒரு நாள் வாழ்வுக்கு இத்தனை அலங்காரமா என்று நாம் கேட்போம். எதற்குப் பயன், எத்தனை நாளைக்கு என்று பார்த்துச் செலவு செய்பவரல்ல அவர்.

4. அலைக்கு அர்த்தம் சொல்ல வேண்டாம்

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பூவில் கடவுளைக் காண்பவர் புயலில் யாரைக் காண்பார்? 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலடித் தட்டு நழுவியதில் எழுந்த அலை வேளாங்கண்ணிக் கரையில் திருப்பயணிகளையும் வாரிக்கொண்டு போனது. இப்படிப்பட்ட பேரழிவுக்கெல்லாம் ‘தேவ கோபம்’ என்று விளக்கம் சொல்பவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு.

யோபுவின் துன்பத்துக்கு அவருடைய நண்பர்கள் சொன்ன விளக்கமும் அதுவே. அவர்கள் தம்மைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கடிந்துகொள்கிறார். ஓரேப் மலையில் எலியாவுக்கு முன்பாகப் பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி மூன்றும் கடந்து போயின. மூன்றிலும் கர்த்தர் இல்லை. யோபுவிடம் சூறைக்காற்றிலிருந்து பேசியவரும் அவர்தானே என்று கேட்கலாம். உண்மை. காற்று அவருக்கு ஊழியம் செய்யலாம், அதற்காகக் காற்றே அவராகிவிடாது. சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்து வணங்கிவிடாதே என்று உபாகமம் எச்சரிப்பதும் இதனால்தான்.

அதற்காக வேதம் இயற்கைக்குச் சாந்தமான முகம் பூசுவதுமில்லை. சங்கீதம் 104-இல் சிங்கக்குட்டிகள் இரைக்காகக் கெர்ச்சித்துக் கடவுளிடமே ஆகாரம் கேட்கின்றன. பொழுது விடிந்ததும் அவை குகைக்குத் திரும்ப, மனிதன் வேலைக்குப் புறப்படுகிறான். ஒரே பூமியில் இரவு அவற்றின் முறை, பகல் நம் முறை. நமக்கு இருப்பது ஒரு ஷிப்ட் மட்டுமே.

5. கூட்டுக்கும் ஒரு கட்டளை

பார்த்துப் பரவசப்படுவதோடு காரியம் முடிந்துவிடாது. ஆகாயத்து நாரை தன் காலத்தை அறிந்திருக்கிறது, என் ஜனமோ அறியவில்லை என்று எரேமியா மூலம் கர்த்தர் வருந்துகிறார். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே யோர்தான் பள்ளத்தாக்கின் மேலாக ஆண்டுக்கு இருமுறை கூட்டங்கூட்டமாகப் பறக்கும் செங்கால் நாரையை அந்தத் தீர்க்கதரிசி அண்ணாந்து பார்த்திருக்கிறார். நம் சத்திமுத்தப் புலவர் வறுமையில் தம் மனைவிக்குத் தூது விட்டதும் வடக்கே திரும்பும் செங்கால் நாரையைத்தான்.

பார்த்தவருக்குப் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. வழியில் ஒரு கூட்டைக் கண்டால் தாயையும் குஞ்சையும் சேர்த்து எடுக்காதே என்கிறது உபாகமம் 22. இந்தக் கட்டளையைக் கைக்கொள்பவனுக்கு அது சொல்லும் பலன், வாழ்நாள் நீடிப்பது. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுகிறவனுக்குக் கிடைக்கும் அதே வாக்குத்தத்தம்! பட்டணத்தை முற்றிகை போட்டாலும் கனிமரங்களை வெட்டாதே என்கிறது 20-ஆம் அதிகாரம். ஏழாம் வருஷம் நிலத்தைச் சும்மா விடு, எளியவர் புசித்து மீந்ததைக் காட்டு மிருகங்கள் தின்னட்டும் என்கிறது யாத்திராகமம் 23.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் போய்ப் பாருங்கள். 1994-இல் அது சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊராருக்கும் பறவைகளுக்கும் உறவு உண்டு. குளம் நிறையும் ஆண்டுகளில் மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டும். வாசலெல்லாம் எச்சம், மீன் வாடை. யாரும் கல்லெடுப்பதில்லை. தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. உபாகமத்தின் அந்தக் கட்டளையை வாசித்துவிட்டா இதையெல்லாம் செய்கிறார்கள்? வாசிக்கிற நாமோ, கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்து மரங்களின் அடியில் சரவெடி கொளுத்துகிறோம். மேலே கிளைகளில் பறவைகள் அடைந்திருப்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

ஆகவே சபையாருக்கு இரண்டு வேண்டுகோள்கள். வரும் கிறிஸ்துமஸ் இரவில் மரத்தடியில் வெடி வேண்டாம். வளாகத்து மரங்களில் கிளை கழிக்கத் தீர்மானம் போடும்போது, கூடு இருக்கிறதா என்று முதலில் ஓர் ஆளை ஏற்றிப் பாருங்கள். இருந்தால் குஞ்சு பறக்கும் வரை அரிவாள் காத்திருக்கட்டும். இதனால் நமக்கு ஒரு லாபமும் இல்லை. ஆளில்லாத நிலத்துக்கும் மழை அனுப்புகிறவரை வணங்குகிறவர்கள், லாபமில்லாத காரியம் ஒன்றையாவது செய்ய வேண்டாமா?