ஏற்காட்டில் தேயிலை தேட வேண்டாம்

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மே மாதம் நண்பர்கள் குழுவாக ஏற்காடு போகலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது. "தேயிலைத் தோட்டங்களின் நடுவே இரண்டு நாள்" என்று அழகாகவும் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் முன் வரிசையில்தான் இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார். ஏற்காடு காபி மலை. தேயிலைதான் பார்க்க வேண்டுமென்றால் குன்னூர், கோத்தகிரி, வால்பாறை இருக்கின்றன. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மே மாதத்தை விட்டு டிசம்பருக்கு மாற்றலாமா என்று கேட்கத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

தேயிலை மலை பஸ் ஜன்னலிலிருந்தே தெரிந்துவிடும். வெட்டிவிட்ட பச்சைக் கம்பளம் மாதிரி சரிவு முழுக்கக் கிடக்கும். காபி அப்படியில்லை, நிழலில் வளரும் செடி. சில்வர் ஓக், பலா என்று மேலே மரங்கள், மரத்தில் மிளகுக்கொடி, அதற்கும் கீழேதான் காபிச் செடி. வெளியிலிருந்து பார்த்தால் காடு என்றுதான் தோன்றும். ஐந்து நண்பர்கள் சேர்ந்து நாங்கள் போனபோது ஒருவர் வழியெல்லாம் "தோட்டம் எப்போது வரும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அரை மணி நேரமாகத் தோட்டத்துக்கு நடுவேதான் போய்க்கொண்டிருந்தோம்!

தேயிலையில் இலைதான் விளைச்சல். அது ஓயாமல் துளிர்க்க வேண்டும், அதற்கு வருடம் முழுக்க ஈரம் வேண்டும். காபிக்கோ ஒரு வறண்ட காலமும் தேவை. மொட்டுகள் காய்ச்சலில் காத்திருக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் ஒன்பது, பத்து நாளில் தோட்டம் மொத்தமும் ஒன்றாகப் பூத்துவிடும். வெள்ளைப் பூ, மல்லிகை மாதிரி வாசனை. மூன்று நான்கு நாளில் வாடிவிடும். அந்த நேரத்தில் போகக் கொடுத்து வைத்தவர்கள் போகலாம். ஆனால் மழையைக் கேட்டுக்கொண்டு நாற்பது பேருக்கு டிக்கெட் எடுக்க முடியாதே!

மே மாதம் போனால் பூவும் முடிந்திருக்கும், பழமும் வந்திருக்காது. கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று மாவட்டமே மேலே ஏறியிருக்கும். சேலத்திலிருந்து ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 20. அந்த வளைவில் வண்டிகள் வரிசையாக நின்றால், தலைசுற்றல் உள்ளவர்களுக்கு மலை பார்க்கும் ஆசையே போய்விடும்.

டிசம்பரில் பழம் சிவந்திருக்கும். செடியில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது. அதனால் சிவந்ததை மட்டும் கையால் பறித்து, அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். பழத்தின் தோலை இயந்திரத்தில் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். நாம் காலையில் இரண்டு நிமிடத்தில் குடித்து முடிக்கிற டிகாக்‌ஷனுக்குப் பின்னால் எத்தனை கை இருக்கிறது என்பதைக் களத்தருகே நின்றால் பார்க்கலாம். தோட்டங்கள் தனியாருடையவை, கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பழத்தைக் கிள்ளிப் பார்க்கும் ஆசை வரும். ஒரு பழத்துக்குள் பொதுவாக இரண்டே கொட்டைதான், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மலைக்குக் காபி வந்தது 1820களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தார் என்பது வரலாறு. சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் இவரிலிருந்துதான் கதையைத் தொடங்குகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருக்கு முன்பே அங்கே மலையாளி என்ற பழங்குடி மக்கள் இருந்தார்கள். பெயரை வைத்துக் கேரளக்காரர்கள் என்று நினைக்காதீர்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயில் அவர்களுடைய சாமி. உடன் இருப்பவள் காவேரி அம்மன். குனிந்துதான் உள்ளே போக முடியும், முதுகு வலி உள்ளவர்கள் வாசலிலேயே கும்பிட்டுக்கொள்ளலாம். படகுத்துறையில் வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரத்தை இந்த உச்சியில் காற்று வாங்கிச் செலவழியுங்கள் என்பேன். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடி அங்கே இருக்கிறது. பேரக்குழந்தைகள் அதைவிட்டு நகர மாட்டார்கள்.

போகும் வழி: சென்னையிலிருந்து ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ். பெயர்தான் ஏற்காடு, வண்டி ஈரோட்டுக்குப் போகிறது. நாம் விடியுமுன் சேலத்தில் இறங்கிவிட வேண்டும், தூங்கினால் ஈரோடுதான். அங்கிருந்து மலைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். பி.பி. மாத்திரையைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். உயரம் சுமார் 1,500 மீட்டர், டிசம்பர் ராத்திரியில் நன்றாகவே குளிரும். ஸ்வெட்டரும் காதுக்கு மஃப்ளரும் அவசியம். தண்ணீருக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில். மாலை இருட்டிய பிறகு விடுதியை விட்டு நடைப்பயிற்சி என்று கிளம்ப வேண்டாம். தோட்டங்களுக்குள் காட்டெருமை நடமாட்டம் உண்டு, போட்டோ எடுக்க நின்று போஸ் கொடுக்காது.

ஒரு ராத்திரி போதாது, இரண்டு ராத்திரியாவது தங்க வேண்டும். வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது. நம்மில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள்தானே, சனி ஞாயிறுதான் வேண்டும் என்று நமக்கென்ன கட்டாயம்?

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. டிசம்பர் என்று முடிவானால் அக்டோபர் தொடக்கத்தில் பணம் கைக்கு வந்திருக்க வேண்டும். அலுவலக அறையில் நோட்டு வைத்திருக்கிறோம். பெயர் எழுதுபவர்கள் வயதையும், கீழ் பெர்த் வேண்டுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். போர்டில் "தேயிலை" என்பதை அடித்துவிட்டுக் "காபி" என்று எழுதும் பொறுப்பை முன் வரிசை நண்பரிடமே விட்டுவிடுகிறேன்.