வெடிமருந்தின் வலிமையை அளந்தவர்கள்



“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் வீடுகளில் வழங்கும் முதுமொழி. வெடிமருந்துக்கு இது முற்றிலும் பொருந்தும். இருவகை மருந்துகள் நிறத்தாலும் மணியளவாலும் ஒன்றுபோலவே தோன்றலாம். ஒன்று குண்டை உரியவாறு செலுத்தும். மற்றொன்று துப்பாக்கியையே பிளந்து, பிடித்த கையைச் சிதைத்துவிடும். புதிய மருந்தொன்றின் வலிமையை அறிவது எங்ஙனம்?

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் கலந்தது பழைய கருமருந்து. இதனைச் சோதிக்க முன்னோர் கையாண்ட முறை எளியது. வெள்ளைத் தாளின்மேல் சிறிதளவு வைத்துக் கொளுத்துவர். தாள் கருகாமலும் கசடு தங்காமலும் எரிந்தால் நல்ல மருந்து என்பர். பின்னர்ச் சிறு கருவியொன்று வந்தது. வெடித்த மருந்து அதன் மூடியைத் தள்ளும். மூடியோடு இணைந்த பற்சக்கரம் எத்தனை பல் நகர்ந்தது என எண்ணித் தரம் பிரிப்பர். ஆயினும் அக்கருவியில் முதன்மை பெற்ற மருந்து, பெரிய பீரங்கியில் பின்தங்குவதும் உண்டு.

இக்குறையை நீக்க வழி கண்டவர் இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் கணித அறிஞர். கண்ணிமைக்கும் முன் பறந்துவிடும் குண்டின் வேகத்தை அளக்க அந்நாளில் கடிகாரம் ஏது? அவர் கனத்த ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் மரப்பலகையில் குண்டு பாயுமாறு சுட்டார். குண்டைத் தாங்கிய ஊசல் பின்னோக்கி ஆடியது. எவ்வளவு தொலைவு ஆடியது என்பதை, அதனோடு இழுபட்டு வந்த நாடா காட்டியது. குண்டின் எடை, ஊசலின் எடை, ஆடிய அளவு ஆகியவற்றைக் கொண்டு, நியூட்டனின் விதிப்படி வேகத்தைக் கணக்கிட்டார். அது ஒலியின் வேகத்தையும் மிஞ்சியது! இம்முறையை விளக்கும் அவரது நூல் 1742-இல் வெளிவந்தது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அந்நூலின் பிற்கால வரலாறும் சுவை பயப்பது. கணித மேதை ஆய்லர் 1745-இல் அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். மூலத்தினும் பன்மடங்கு நீண்ட உரையும் வரைந்தார். அவ்வுரையின் பொருட்டு, ஆங்கிலத்தில் பிறந்த அந்நூல் 1777-இல் மீண்டும் ஆங்கிலத்துக்கே பெயர்க்கப்பட்டது.

ராபின்ஸின் வாழ்வு நம் மண்ணில் முடிந்தது என்பதைப் பலர் அறியார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியியல் தலைவராக 1750-இல் வந்த அவர், கோட்டைகளைச் செப்பனிடத் திட்டம் வகுத்துக்கொண்டிருந்தபோதே காய்ச்சலுற்று, கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் 1751 ஜூலை 29-ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 44.

அடுத்த நூற்றாண்டின் இறுதியில் புதிய இடர் ஒன்று எழுந்தது. பிரான்சு நாட்டின் வியேய் 1884-இல் புகையில்லா மருந்தைக் கண்டார். 1889-இல் இங்கிலாந்தில் கார்டைட் தோன்றியது. நீலகிரி மலைரயிலில் சென்றோர் அறிந்த அரவங்காட்டுத் தொழிற்சாலை, இக்கார்டைட்டைச் செய்யவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கருமருந்தினும் சிறிய அளவிலேயே இப்புதுமருந்துகள் மிகுந்த ஆற்றல் தந்தன. வெப்லி ரிவால்வரின் தோட்டா முதலில் கருமருந்துக்கென அமைந்தது. கார்டைட்டுக்கு அத்துணை இடம் வேண்டாமையால் தோட்டாவின் கூட்டையே பின்னர்க் குறுக்க வேண்டியதாயிற்று. பழைய பழக்கத்தில் கூடு நிறையப் புதுமருந்தை இட்டால் என்னாகும்? ரிவால்வரின் அறைச்சுவர் மெல்லியது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் எழும் அழுத்தத்தை அது தாங்காது.

இங்கே வேகத்தை மட்டும் அளந்தால் போதாது என்பதும் விளங்கும். ஒரே வேகம் தரும் இரு மருந்துகளுள் ஒன்று குழலை மெல்ல உந்தலாம். மற்றொன்று குத்தெனத் தாக்கலாம். வேகம் பயனைக் காட்டும். அழுத்தமே ஆபத்தைக் காட்டும். ஆதலின் ஆன்ட்ரூ நோபிள் என்பார் 1860-களில் குழலின் பக்கத்தில் சிறு செப்புத் துண்டைப் பொருத்தி, அது நசுங்கிய அளவால் அழுத்தத்தைக் கணித்தார். இன்று அழுத்தம் படுந்தோறும் மின்னூட்டம் காட்டும் படிகம் அப்பணியைச் செய்கிறது. சோதனைக் குழலோ மிகத் தடித்தது; சுடுபவர் சுவருக்கு அப்பால் நிற்பார்.

எனவே இச்சோதனை தனிமனிதர் தம் கையில் பிடித்த துப்பாக்கியில் துணிந்து பார்க்கும் காரியம் அன்று. நம் நாட்டிலும் ஆயுதமும் வெடிமருந்தும் சட்டத்தின் உரிமத்துக்கு உட்பட்டவை. அச்சட்டத்தை வெறுங்கட்டுப்பாடு என்று கருதுவோர் உளர். தாளில் எரித்துப் பார்த்தும் மணியின் நிறத்தை நோக்கியும் மருந்தை நம்பியவர்கள் கொடுத்த விலையை நினைத்தால், அது நம் கையையும் கண்ணையும் காப்பதற்கே அமைந்தது என்பது தெளிவாகும்.