பிள்ளைக்கு மட்டும் கேட்கும் குரல்

"யாரோ என் காதில் பேசுகிறார்கள்" என்று பிள்ளை சொன்னால், "கதை விடாதே" என்று அதட்டிவிடும் பெற்றோர் நம்மிடையே உண்டு. இன்னும் சிலர் நேராக மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள்.

நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரை ஆய்வாளர்கள் சிறுவயது முதல் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். அவர்களுக்கு 11 வயதானபோது மனநல மருத்துவர் ஒருவர் கேட்டார்: பிறருக்குக் கேட்காத குரல் உனக்குக் கேட்கிறதா? உன் மனத்தில் இருப்பதை யாராவது படிக்கிறார்களா? அழுத்தமான அறிகுறிகளைச் சொன்னவர்கள் மிகச் சிலரே. ஆனால் 26 வயதுக்குள் அவர்களில் நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு வகை நோய் வந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது.

பயந்துவிடாதீர்கள், மற்ற மூவருக்கு அந்த நோய் வரவில்லையே! அதற்காக அலட்சியமும் கூடாது. 38 வயதுவரை பார்த்தபோது, இப்பிள்ளைகளிடையே தற்கொலை முயற்சியும் கூடுதலாக இருந்தது தெரியவந்தது.

குரல் என்ன சொல்கிறது, எப்போது கேட்கிறது என்று பிரம்பைக் காட்டாமல் விசாரியுங்கள். குரல் அடிக்கடி கேட்டாலோ, பிள்ளை தூக்கம் கெட்டு நண்பர்களை விட்டு ஒதுங்கினாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கோயிலுக்கும் போகலாம், யாரும் தடுக்கவில்லை. மருத்துவரை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.