ஏரோஸ்பேஸ் மேல்படிப்பு: என்ன தகுதி வேண்டும், எப்போது முடிவெடுக்க வேண்டும்?

(நம் சங்கத்தின் உயர்கல்வி வழிகாட்டல் நிகழ்ச்சியில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் பெற்றோருக்கும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் நன்றி.

நம் கடற்கரைக்கு ராக்கெட் இப்போது புதிதல்ல. 2023 பிப்ரவரி 19 அன்று மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பட்டிபுலத்திலிருந்து, பள்ளி மாணவர்கள் செய்த 150 சின்னஞ்சிறு செயற்கைக்கோள்களுடன் ஒரு ராக்கெட் கிளம்பியது. 2024 ஆகஸ்ட் 24 அன்று திருவிடந்தையிலிருந்து ரூமி-1 போனது. அதற்குப் பிறகு நம் பிளாக்குகளில் "ஏரோஸ்பேஸ்தான் படிப்பேன்" என்று சொல்லும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பெற்றோர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அதுக்கு பி.இ.யே ஏரோவில்தான் சேர்க்கணுமா சார்? மேனேஜ்மெண்ட் கோட்டாவில் பணம் கட்டியாவது வாங்கிடலாமா?"

அவசரப்பட வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏரோஸ்பேஸை மேல்பட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம். மூன்று பேரைப் பாருங்கள்.

முதலாவது, டாக்டர் கே. சிவன். கன்னியாகுமரி மாவட்டம், தமிழ்வழிப் பள்ளி. நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுத்தான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிக்கல் சேர்ந்தார், 1980இல் முடித்தார். 1982இல் பெங்களூரு ஐஐஎஸ்சி-யில் ஏரோஸ்பேஸ் முதுநிலை. அதே ஆண்டு இஸ்ரோவில் வேலை. பிஎச்.டி. பட்டம் ஐஐடி பம்பாயில் 2006இல், வேலைக்குச் சேர்ந்து 24 ஆண்டுகள் கழித்து!

இரண்டாவது, இஸ்ரோ தலைவர் டாக்டர் வி. நாராயணன். அவரும் கன்னியாகுமரி மாவட்டம்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ, பிறகு ஏ.எம்.ஐ.இ. 1984இல் இஸ்ரோவில் சேர்ந்த பிறகு, ஐஐடி கரக்பூரில் கிரையோஜெனிக் பொறியியலில் எம்.டெக்.; அங்கேயே 2001இல் ஏரோஸ்பேஸில் பிஎச்.டி.

மூன்றாவது, சந்திரயான்-3 திட்ட இயக்குநர் பி. வீரமுத்துவேல். விழுப்புரத்துக்காரர். மெக்கானிக்கல் டிப்ளமோ, மேற்குத் தாம்பரத்தில் பி.இ., திருச்சியில் எம்.இ., சென்னை ஐஐடி-யில் பிஎச்.டி.

மூவரில் யாரும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஏரோவில் சேரவில்லை. மூவருக்கும் பொதுவாக இருந்தது வலுவான கணக்கும் அடிப்படைப் பொறியியலும்தான். அப்துல் கலாமும் திருச்சியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டே எம்.ஐ.டி.க்கு வந்தார். 1949இல் சி. ராஜம் தொடங்கிய அந்தக் கல்லூரி இன்று நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது.

இனி தகுதி விவரத்துக்கு வருகிறேன். பேனா வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எம்.டெக்.கில் சேர நான்காண்டு பொறியியல் பட்டமும் கேட் மதிப்பெண்ணும் வேண்டும். ஏரோ பட்டதாரிகளுக்கு மட்டுமல்ல, மெக்கானிக்கல் போன்ற அண்டைத் துறையினருக்கும் பல இடங்களில் கதவு திறந்தே இருக்கிறது. எந்தப் பட்டத்தை, எந்த கேட் தாளை ஏற்கிறார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்; அந்தந்த ஆண்டு கையேட்டைப் பார்த்தே விண்ணப்பியுங்கள். ஐஐடி-களுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இடம் கிடைத்தால் கோப் என்ற பொது இணையதளத்தில் ஏற்க வேண்டும். தமிழ்நாட்டில் எம்.இ. இடங்களுக்கு கேட் மதிப்பெண்ணோடு சீட்டா பி.ஜி. என்ற மாநிலத் தேர்வும் உண்டு.

கேட் மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். ஏரோஸ்பேஸ் தாளில் பொறியியல் கணிதம், பறத்தல் இயக்கவியல், விண் இயக்கவியல், காற்றியக்கவியல், கட்டமைப்பு, உந்துவிசை எல்லாம் வரும். மூன்றாம் ஆண்டு மாணவரே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். அதனால் மூன்றாம் ஆண்டில் ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது. கேட் வழியாகச் சேர்ந்து உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் மாதம் 12,400 ரூபாய் கிடைக்கும். நன்கொடை கொடுத்து வாங்கும் சீட்டையும், மாதாமாதம் பணம் தரும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சேர்ந்த பிறகு பட்டம் வாங்க என்ன செய்ய வேண்டும்? இதைப் பலரும் கேட்பதே இல்லை. எம்.டெக். இரண்டு ஆண்டு: முதல் ஆண்டு பெரும்பாலும் பாடங்கள், இரண்டாம் ஆண்டு புராஜெக்ட். ஐஐடி-களில் எம்.எஸ். என்ற ஆராய்ச்சிப் பட்டமும் உண்டு. அதில் பாடங்கள் குறைவு, ஆய்வேடுதான் பிரதானம். கம்பெனி வேலை குறி என்றால் எம்.டெக்.; ஒரே கேள்வியை மாதக்கணக்கில் குடைந்துகொண்டிருக்கப் பிடிக்கும் பிள்ளைக்கு எம்.எஸ். பிஎச்.டி.யில் பாடங்கள், விரிவான தகுதித் தேர்வு, ஆய்வுக்குழு, ஆய்வேடு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசி வைத்திருக்கும் கணக்கு குறைந்தது மூன்று ஆண்டு, சாதாரணமாக ஆறு ஆண்டுக்குள். இதற்குப் பொறுமைதான் முதல் தகுதி.

வெளிநாடு பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் ஏரோஸ்பேஸ் முதுநிலைக்கு நம் பிள்ளைகளைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் ராக்கெட், ஏவுகணைத் தொழில்நுட்பம் அங்கே ராணுவத் தளவாட ஏற்றுமதிச் சட்டத்துக்குள் வருகிறது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவரை அந்தக் கம்பெனிகள் வேலைக்கு எடுப்பது மிகவும் அபூர்வம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். படிப்பு கிடைப்பது வேறு, அந்தத் துறையில் வேலை கிடைப்பது வேறு. ஜெர்மனிக்குப் போக நினைப்பவர்களுக்கு, விசாவுக்கு முன் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும், 2022 நவம்பர் முதல் இது கட்டாயம். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

"இஸ்ரோ வேலைக்கு?" என்று பின்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார்கள். விஞ்ஞானி-பொறியாளர் பணிக்கு இஸ்ரோ பொதுத்தேர்வு நடத்தும்போது பெரும்பாலும் கேட்பது மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டங்களைத்தான். முதல் வகுப்பும் 65 சதவீதமும், அல்லது பத்துக்கு 6.84 சிஜிபிஏ-வும் வேண்டும். எனவே நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தால், ஆய்வுக்கூடமே இல்லாத கல்லூரியில் ஏரோவுக்காக அதை விடாதீர்கள். மாறாக, கவுன்சலிங்கில் எம்.ஐ.டி. ஏரோநாட்டிக்கல் போன்ற இடம் கிடைத்து, பிள்ளைக்கும் ஆசை இருந்தால் தயங்காமல் சேருங்கள். ஏரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயர்ப்பலகையைப் பார்த்துச் சேராதீர்கள் என்கிறேன்.

பிள்ளைகளே, உங்களுக்குக் கடைசியாக ஒன்று. பிளஸ் டூ கணக்கில் கால்குலஸை மனப்பாடம் செய்யாமல் புரிந்து படியுங்கள். காற்றியக்கவியலும் உந்துவிசையும் அதன் மேல்தான் நிற்கின்றன. பி.இ. இரண்டாம் ஆண்டில் ஒரு சின்ன புராஜெக்டையாவது உங்கள் கையாலேயே செய்து முடியுங்கள். மேல்படிப்பு நேர்காணலில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் டீ குடித்துக்கொண்டே கேட்கலாம், நான் இங்கேதான் இருப்பேன். கையேடுகளை எப்படிப் படிப்பது என்று காட்ட லேப்டாப்பும் கொண்டுவந்திருக்கிறேன்.